கதிரியக்கச் சிதைவில் அணுக்கருவுக்குள் என்ன நடக்கிறது?

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவி கேட்ட கேள்வி இது: "ஆல்பா சிதைவில் அணு எண் 2 குறையும், நிறை எண் 4 குறையும். பீட்டா சிதைவில் அணு எண் 1 கூடும். சமன்பாடு எழுதத் தெரிகிறது. ஆனால் கருவுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது? கருவில் எலக்ட்ரானே கிடையாது என்கிறார்கள். அப்படியானால் பீட்டாவாக வரும் எலக்ட்ரான் அதற்கு முன் எங்கே இருந்தது? சூடாக்கினால் இதெல்லாம் வேகமாக நடக்குமா?"

எலக்ட்ரான் எங்கே இருந்தது என்ற கேள்விக்காகவே இதை நீளமாக எழுதலாம் என்று தோன்றியது. பெரிய பெரிய இயற்பியலாளர்களே பல ஆண்டுகள் திணறிய இடம் அது.

முதலில் 'சிதைவு' என்ற சொல்லைப் பார்ப்போம். இந்தச் சொல்லைக் கேட்டதும் உடைந்த பானையோ, உளுத்துப்போன மரமோதான் மனதில் வரும். அணுக்கரு கொஞ்சம் கொஞ்சமாக நைந்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் போய்விடும் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடப்பது அப்படியில்லை. யுரேனியம் 238 ஒரு ஆல்பாத் துகளை வெளியே விட்ட பிறகு, அதிலிருந்த 238 துகள்களில் 234 ஒரே கருவாகத்தான் இருக்கின்றன. பீட்டா சிதைவில் கருத்துகள்களின் எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறைவதில்லை. கரு தன்னிடம் இருக்கும் ஆற்றலில் ஒரு பகுதியை வெளியே விட்டுவிட்டு, இன்னும் இறுக்கமான ஓர் அமைப்புக்கு மாறிக்கொள்கிறது. மேட்டில் நிற்கும் தண்ணீர் பள்ளத்துக்கு இறங்குவதைப் போன்ற காரியம் இது. இறங்கும் வழிகள் சில இருக்கின்றன. ஆல்பா, பீட்டா, காமா என்று நாம் படிப்பவை அந்த வழிகளின் பெயர்கள்.

கருவின் அடிப்படைக் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புரோட்டான்களின் எண்ணிக்கைதான் அணு எண். அது எந்தத் தனிமம் என்பதை அந்த எண் மட்டுமே தீர்மானிக்கிறது. 92 என்றால் யுரேனியம், 82 என்றால் ஈயம். நியூட்ரான்கள் கூடினாலும் குறைந்தாலும் தனிமம் மாறாது, ஐசோடோப்தான் மாறும். புரோட்டான்கள் நேர் மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. அந்த விலக்கலையும் மீறிக் கருவைக் கட்டிப் பிடித்திருப்பது அணுக்கரு விசை. ஆனால் அந்த விசை மிகக் குறுகிய தூரத்துக்குத்தான் எட்டும். பக்கத்தில் இருக்கும் துகளைப் பிடிக்கும், கருவின் மறுகோடியில் இருப்பதைப் பிடிக்காது. மின் விலக்கலோ கரு முழுவதும் எட்டும். அதனால் கரு பெரிதாக ஆக, விலக்கலின் கை ஓங்குகிறது. பெரிய கருக்களுக்கு நியூட்ரான்கள் அதிகமாகத் தேவைப்படுவது இதனால்தான். கார்பன் 12-இல் 6 புரோட்டானும் 6 நியூட்ரானும் சரிசமமாக இருக்கின்றன. ஈயம் 208-இல் 82 புரோட்டான்களுக்கு 126 நியூட்ரான்கள் வேண்டியிருக்கிறது.

ஒரு தனிமம் தானாகவே வேறொரு தனிமமாக மாறுகிறது என்பதை மனிதர்கள் கண்டுபிடித்தது கரு என்று ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில். ஹென்றி பெக்கரல் 1896-இல் யுரேனிய உப்பிலிருந்து வரும் கதிர்களைக் கண்டார். 1898-இல் மேரி கியூரியும் பியர் கியூரியும் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டார்கள். 1901, 1902-இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் எர்னஸ்ட் ரதர்ஃபோர்டும் ஃபிரெடரிக் சாடியும் தோரியத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். தோரியத்திலிருந்து ஒரு வாயு ஓயாமல் வந்துகொண்டிருந்தது. எந்த வேதிப்பொருளோடும் சேராமல், ஆர்கான் வகையைச் சேர்ந்ததுபோல அது நடந்துகொண்டது. இன்னொரு பொருளையும் தோரியத்திலிருந்து வேதிமுறையில் பிரித்தெடுத்து 'தோரியம் எக்ஸ்' என்று பெயரிட்டார்கள். பிரித்தவுடன் தோரியத்தின் கதிரியக்கம் வெகுவாகக் குறைந்துவிட்டது. தோரியம் எக்ஸிடம்தான் கதிரியக்கம் மிகுதியாக இருந்தது. சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ்: தோரியம் பழைய வலிமைக்குத் திரும்பியிருந்தது, தோரியம் எக்ஸ் ஏறத்தாழ ஓய்ந்திருந்தது. ஒன்று இழந்த அதே வேகத்தில் மற்றொன்று மீட்டிருந்தது, சுமார் 4 நாளுக்கு ஒருமுறை பாதி என்ற கணக்கில். தோரியம் இடைவிடாமல் புதிய ஒரு தனிமத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை. அந்த தோரியம் எக்ஸ் ரேடியம் 224 என்றும், அந்த வாயு ரேடான் 220 என்றும் இன்று நமக்குத் தெரியும். தனிமம் மாறுகிறது என்று சொன்னால் ரசவாதிகள் என்று பெயர் கட்டிவிடுவார்களோ என்று ரதர்ஃபோர்டு தயங்கியதாக சாடி பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தத் தயக்கத்தையும் மீறி அளவீட்டை நம்பி வெளியிட்டார்களே, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் மேல் மதிப்பு கூடுகிறது.

சரி, ஆல்பாவுக்கு வருவோம்.

ஆல்பாத் துகள் என்பது 2 புரோட்டான், 2 நியூட்ரான் சேர்ந்த ஹீலியம் கரு. யுரேனியம் 238-இல் 92 புரோட்டான்களும் 146 நியூட்ரான்களும் இருக்கின்றன. ஆல்பா போன பிறகு 90 புரோட்டான், 144 நியூட்ரான். அது தோரியம் 234. இங்கே கேட்க வேண்டிய கேள்வி, ஏன் நான்கு துகள்கள் சேர்ந்தே போகின்றன என்பதுதான். ஒரு நியூட்ரானோ ஒரு புரோட்டானோ தனியாகப் போகக் கூடாதா?

இதை வரவு செலவுக் கணக்காகப் பார்த்தால் புரிந்துவிடும். யுரேனியம் 238-இலிருந்து ஒரே ஒரு நியூட்ரானைப் பிய்த்தெடுக்க ஏறத்தாழ 60 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் மிகச் சிறிய அலகு) ஆற்றல் செலவழிக்க வேண்டும். அந்தச் செலவுக்கு ஈடாக வரவு எதுவும் கிடையாது; அதனால் அது தானாக வெளியேறாது. இரண்டு புரோட்டானையும் இரண்டு நியூட்ரானையும் எடுக்க மொத்தச் செலவு சுமார் 2 கோடியே 40 லட்சம். ஆனால் அந்த நான்கும் தங்களுக்குள் சேர்ந்து ஹீலியம் கருவாகும்போது 2 கோடியே 83 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் வரவாகிறது. மிச்சம் சுமார் 43 லட்சம். ஹீலியம் கரு அவ்வளவு இறுக்கமான கட்டு. அந்த இறுக்கம்தான் ஆல்பா வெளியேறுவதைச் சாத்தியமாக்குகிறது.

இந்த மிச்ச ஆற்றல் எங்கிருந்து வந்தது? நிறையிலிருந்து. தோரியம் 234-இன் நிறையையும் ஹீலியம் 4-இன் நிறையையும் கூட்டினால் யுரேனியம் 238-இன் நிறையைவிட மிகக் கொஞ்சம் குறைவாக இருக்கும். நிறை எண் 238 என்பது இரண்டு பக்கமும் சரியாகத்தான் வரும், ஏனென்றால் அது வெறும் எண்ணிக்கை. உண்மையான நிறை வேறு. எண்ணிக்கையையும் நிறையையும் ஒன்றாக நினைப்பதால் பலருக்கு இங்கே குழப்பம் வருகிறது.

அந்த 43 லட்சத்தில் 42 லட்சத்தை ஆல்பாத் துகளே எடுத்துக்கொண்டு நொடிக்குச் சுமார் 14,000 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. மீதி தோரியத்துக்குப் போகிறது. துப்பாக்கி சுட்டால் தோளில் உதைக்கும் அல்லவா, அந்த உதைதான் இது. தோரியக் கரு நொடிக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. பாறைக்குள் இது நடந்தால், அந்த அணு தான் இருந்த படிக இடத்திலிருந்து பெயர்ந்து, வழியில் இருக்கும் அணுக்களையும் இடம்பெயர்த்துவிட்டுத்தான் நிற்கும். பாடப்புத்தகச் சமன்பாட்டில் தோரியம் அம்புக்குறிக்கு வலது பக்கம் சாதுவாக உட்கார்ந்திருப்பதுபோல எழுதுகிறோம். உண்மையில் அது பிறக்கும்போதே ஓடிக்கொண்டே பிறக்கிறது.

இன்னொரு புதிர் உண்டு. கணக்கில் மிச்சம் இருந்தால் உடனே வெளியேற வேண்டியதுதானே? யுரேனியம் 238-இன் அரை ஆயுட்காலம், அதாவது இருக்கும் கருக்களில் பாதி மாற ஆகும் காலம், சுமார் 447 கோடி ஆண்டுகள். பூமியின் வயதுக்குக் கிட்டத்தட்டச் சமம். ஏன் இவ்வளவு காத்திருப்பு? காரணம், கருவைச் சுற்றி ஓர் ஆற்றல் மதில் இருக்கிறது. உள்ளே அணுக்கரு விசை இழுத்துப் பிடிக்கிறது. வெளியே வந்துவிட்டால் மின் விலக்கல் தள்ளிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மேட்டின் உயரம் 2.5 கோடி எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேல். ஆல்பாவிடம் இருப்பதோ 43 லட்சத்துக்கும் குறைவு. பழைய இயற்பியலின்படி அது ஒருநாளும் வெளியே வர முடியாது. வெளியிலிருந்து அதைப்போல இரண்டு மடங்கு ஆற்றல் கொண்ட ஆல்பாக்களை ஏவினாலும் யுரேனியக் கருவுக்குள் நுழைய முடியவில்லை என்பதை ரதர்ஃபோர்டு பார்த்திருந்தார். உள்ளே போக முடியாத மதிலைத் தாண்டி, பாதி ஆற்றலோடு ஒன்று வெளியே வருகிறது.

1928-இல் ஜார்ஜ் காமோவ் ஒருபுறமும், ரொனால்டு கர்னியும் எட்வர்ட் காண்டனும் மறுபுறமும் தனித்தனியாக இதற்கு விடை கண்டார்கள். குவாண்டம் இயற்பியலில் ஒரு துகள் அலைபோலவும் நடந்துகொள்வதால், மதிலுக்கு அப்பாலும் அது தென்பட மிகச் சிறிய வாய்ப்பு உண்டு. ஏறிக் கடக்கத் தேவையில்லை, ஊடுருவிவிடலாம். ஆல்பா மதிலில் நொடிக்கு ஏறத்தாழ 10²¹ முறை மோதுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மோதலிலும் வெளியேறும் வாய்ப்பு நம் கற்பனைக்கு எட்டாத அளவுக்குச் சிறியது. ஆற்றல் கொஞ்சம் கூடினால் மதிலின் தடிமன் குறைகிறது, வாய்ப்பு பல மடங்கு பெருகுகிறது. தோரியம் 232 வெளியிடும் ஆல்பாவுக்கு ஆற்றல் சுமார் 40 லட்சம் எலக்ட்ரான் வோல்ட். அரை ஆயுட்காலம் 1,400 கோடி ஆண்டுகள். பொலோனியம் 212-க்கு ஆற்றல் 88 லட்சம். அரை ஆயுட்காலம் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆற்றலில் வேறுபாடு இரண்டு மடங்கைச் சற்றே தாண்டுகிறது, காலத்தில் 10²⁴ மடங்கு! இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த எண் ஜோடிகளில் இது ஒன்று.

வெளியேறிய ஆல்பா சில சென்டிமீட்டர் காற்றிலேயே வேகம் இழந்து, இரண்டு எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொண்டு சாதாரண ஹீலியம் அணுவாகிவிடுகிறது. பூமியிலிருந்து நாம் எடுக்கும் ஹீலியத்தில் மிகப் பெரும் பகுதி இப்படிப் பாறைகளுக்குள் யுரேனியமும் தோரியமும் வெளியிட்ட ஆல்பாத் துகள்கள்தான். பறக்கும் பலூனுக்குள் இருப்பது ஒரு காலத்தில் கனமான கருக்களுக்குள் இருந்த புரோட்டான்களும் நியூட்ரான்களும்.

இப்போது பீட்டா. கேள்வியின் நெருக்கடியான பகுதி.

கருவுக்குள் எலக்ட்ரான் இருக்க முடியாது என்பதற்கு எளிய காரணம் உண்டு. அவ்வளவு சிறிய இடத்தில் எலக்ட்ரான் போன்ற லேசான ஒன்றை அடைத்துவைத்தால், ஹைசன்பர்க்கின் உறுதியின்மைக் கோட்பாட்டின்படி அதற்குச் சில கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருந்தாக வேண்டும். ஆனால் கார்பன் 14-இலிருந்து வரும் எலக்ட்ரானின் உச்ச ஆற்றலே 1.56 லட்சம்தான். ஆகவே அது உள்ளே அடைபட்டிருந்து தப்பி வந்ததாக இருக்க முடியாது. பிறகு? அந்தக் கணத்தில் புதிதாக உண்டாகிறது. கை தட்டினால் ஓசை வருகிறது. அந்த ஓசை அதற்கு முன் கைக்குள் ஒளிந்திருக்கவில்லை. எலக்ட்ரானும் அப்படித்தான், சிதைவு நடக்கும் கணத்தில் பிறக்கிறது. நியூட்ரான் என்பது புரோட்டானும் எலக்ட்ரானும் ஒட்டிய பொட்டலம் என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள். அது தவறு, அந்தப் படத்தை மனதிலிருந்து நீக்கிவிடுங்கள்.

நடப்பது இது: கருவிலிருக்கும் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது. நியூட்ரானுக்குள் குவார்க் எனப்படும் இன்னும் சிறிய துகள்கள் உண்டு: ஒரு 'அப்' குவார்க்கும் இரண்டு 'டவுன்' குவார்க்குகளும் இருக்கின்றன. அதில் ஒரு டவுன் குவார்க், அப் குவார்க்காக மாறினால் நியூட்ரான் புரோட்டானாகிவிடும். இந்த மாற்றத்தைச் செய்வது வலிமை குறைந்த அணுக்கரு விசை. பூஜ்யமாக இருந்த மின்னூட்டம் நேர் 1 ஆகிவிட்டது. அதை ஈடுகட்ட எதிர் மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான் ஒன்று பிறக்க வேண்டும், பிறக்கிறது. கருவால் அதைப் பிடித்து வைக்க முடியாது, உடனே வெளியே பாய்கிறது. மொத்தத்தில் 6 புரோட்டான், 8 நியூட்ரான் கொண்ட கார்பன் 14 கரு 7 புரோட்டான், 7 நியூட்ரான் கொண்ட நைட்ரஜன் 14 ஆகிறது. ஆல்பாவில் கரு துகள்களை இழந்தது. பீட்டாவில் துகள்கள் அத்தனையும் அங்கேயே இருக்க, அவற்றில் ஒன்று தன் இனத்தை மாற்றிக்கொள்கிறது.

இதற்குப் பின்னால் ஒரு பெரிய நெருக்கடி நடந்திருக்கிறது. ஆல்பாக்கள் ஒவ்வொரு கருவிலிருந்தும் குறிப்பிட்ட ஆற்றலோடுதான் வரும். பீட்டா எலக்ட்ரான்களோ, ஒரே வகைக் கருவிலிருந்து வந்தாலும், பூஜ்யத்துக்கு அருகிலிருந்து ஓர் உச்சம் வரை எல்லா ஆற்றல்களிலும் வருகின்றன என்று 1914-இல் ஜேம்ஸ் சாட்விக் காட்டினார். தாய்க்கருவும் சேய்க்கருவும் எப்போதும் ஒன்றுதான், ஆனால் வெளிவரும் ஆற்றல் ஒவ்வொரு முறையும் வேறு. மீதி ஆற்றல் எங்கே போனது? ஆற்றல் மாறாக் கொள்கையே இங்கே செல்லாதோ என்று நீல்ஸ் போர் யோசிக்கும் அளவுக்குப் போனது. 1930 டிசம்பரில் வுல்ஃப்காங் பவுலி ஒரு கடிதத்தில் வேறு வழி சொன்னார்: மின்னூட்டம் இல்லாத, கண்டறிய மிகக் கடினமான ஒரு துகள் கூடவே வெளியேறுகிறது, எலக்ட்ரானும் அதுவும் ஆற்றலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. என்ரிகோ ஃபெர்மி அதற்கு நியூட்ரினோ என்ற பெயரைப் பரப்பி, 1933, 1934-இல் பீட்டா சிதைவின் கோட்பாட்டையே கட்டினார். எலக்ட்ரான் முன்பே உள்ளே இல்லை, அந்தக் கணத்தில்தான் உருவாகிறது என்ற கருத்து அந்தக் கோட்பாட்டில்தான் நிலைபெற்றது. கிளைடு கோவனும் ஃபிரெடரிக் ரைன்ஸும் 1956-இல் அணு உலை ஒன்றின் அருகே கருவி வைத்து அந்தத் துகளைக் கண்டறிந்தார்கள். பீட்டா சிதைவில் எலக்ட்ரானோடு வருவதை இன்று எதிர்நியூட்ரினோ என்கிறோம். தேர்வில் சமன்பாடு எழுதும்போது பலரும் விட்டுவிடுவது இதைத்தான். விட்டால் ஆற்றல் கணக்கு உதைக்கும்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். புரோட்டான் அதிகமாகிவிட்ட கருவில் ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறி, பாசிட்ரானையும் (எலக்ட்ரானைப் போன்றதே, ஆனால் நேர் மின்னூட்டம் கொண்டது) நியூட்ரினோவையும் வெளியிடும். ஃபுளோரின் 18 இப்படித்தான் ஆக்ஸிஜன் 18 ஆகிறது. அரை ஆயுட்காலம் 110 நிமிடம். மருத்துவத்தில் பெட் ஸ்கேன் எடுப்பது பெரும்பாலும் இதை வைத்துத்தான். இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும்: நியூட்ரான் புரோட்டானைவிடக் கனமானது, லேசானது எப்படிக் கனமானதாக மாறும்? தனியாக இருக்கும் புரோட்டான் மாறவே மாறாது. தனியாக இருக்கும் நியூட்ரானுக்கோ அரை ஆயுட்காலம் சுமார் 10 நிமிடம்தான். கருவுக்குள் நிலைமை வேறு. அங்கே கணக்குப் பார்ப்பது ஒட்டுமொத்தக் கருவின் ஆற்றலை. மாறிய பிறகு முழுக்கருவின் ஆற்றல் போதிய அளவு குறையுமானால், அந்த லாபத்திலிருந்து கூடுதல் நிறைக்கான செலவைக் கட்டிவிட முடியும். இதே காரணத்தால்தான் நிலையான கருவுக்குள் இருக்கும் நியூட்ரான் காலகாலமாக மாறாமல் இருக்கிறது: மாறினால் நஷ்டம்.

பீட்டா வகை மாற்றத்தில் மூன்றாவது வழி, எலக்ட்ரான் கவர்வு. கருவுக்கு மிக அருகில் சுற்றும் எலக்ட்ரான் ஒன்றைக் கருவே உள்ளிழுத்து, ஒரு புரோட்டானை நியூட்ரானாக்கிக்கொள்கிறது. கருவிலிருந்து நியூட்ரினோ மட்டும் போகும். காலியான எலக்ட்ரான் இடத்தை மேலடுக்கு எலக்ட்ரான் நிரப்பும்போது எக்ஸ் கதிர் வரும்.

ஒரே கரு இரண்டு திசையிலும் போவதற்கு நல்ல எடுத்துக்காட்டு பொட்டாசியம் 40. அதில் 19 புரோட்டான், 21 நியூட்ரான், இரண்டுமே ஒற்றைப்படை. கருத்துகள்கள் தம் இனத்தோடு ஜோடி சேரும்போதுதான் இறுக்கம் கூடும். இங்கே இரண்டு பக்கமும் ஒன்று ஜோடியில்லாமல் நிற்கிறது. அதனால் 100-இல் 89 கருக்கள் பீட்டா வழியாகக் கால்சியம் 40 ஆகின்றன, 20-க்கு 20. மீதி ஏறத்தாழ 11, எலக்ட்ரான் கவர்ந்து ஆர்கான் 40 ஆகின்றன, 18-க்கு 22. எந்தப் பக்கம் போனாலும் இரட்டைப்படைதான். அரை ஆயுட்காலம் சுமார் 125 கோடி ஆண்டுகள். நாம் மூச்சிழுக்கும் காற்றில் 0.93 சதவீதம் ஆர்கான்; அதில் ஏறத்தாழ முழுவதும் ஆர்கான் 40. அதாவது பாறையிலிருந்த பொட்டாசியக் கருக்கள் மாறி மாறி இந்த வளிமண்டலத்தில் நூற்றில் ஒரு பங்கையே உண்டாக்கியிருக்கின்றன. நம் உடம்பிலும் பொட்டாசியம் உண்டு. 70 கிலோ எடையுள்ள ஒருவருக்குள் நொடிக்கு 4,000-க்கும் மேற்பட்ட பொட்டாசியம் 40 கருக்கள் இதை வாசிக்கும் இந்த நொடியிலும் மாறிக்கொண்டிருக்கின்றன.

காமாவில் சொல்வதற்குக் கொஞ்சம்தான் இருக்கிறது. புரோட்டானும் மாறாது, நியூட்ரானும் மாறாது. ஆல்பா அல்லது பீட்டாவுக்குப் பிறகு சேய்க்கரு பெரும்பாலும் கிளர்ந்த நிலையில்தான் பிறக்கிறது. உள்ளே துகள்களின் அடுக்கு இன்னும் ஒழுங்காகவில்லை. அது ஒழுங்குக்கு வரும்போது மிச்ச ஆற்றல் காமாக் கதிராகப் போகிறது. அந்த ஆற்றலுக்கு உரிய நிறையும் மிகச் சிறிய அளவில் குறையும். கோபால்ட் 60-இன் காமாக் கதிர் என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் கோபால்ட் முதலில் பீட்டா சிதைவில் நிக்கல் 60 ஆகிவிடுகிறது, 11.7 லட்சமும் 13.3 லட்சமும் எலக்ட்ரான் வோல்ட் கொண்ட அந்த இரண்டு காமாக்களையும் வெளியிடுவது நிக்கல் கரு. வழக்கமாக இது கண்ணிமைக்கும் நேரத்தைவிட வெகு சீக்கிரம் முடிந்துவிடும். சில கருக்கள் மட்டும் கிளர்ந்த நிலையிலேயே தங்கிவிடும். மருத்துவப் படமெடுப்பில் பயன்படும் டெக்னீசியம் 99எம் அப்படிப்பட்டது, 6 மணி நேர அரை ஆயுட்காலம்.

இப்போது இவற்றைக் கோத்துப் பார்த்தால்தான் ஏன் ஆல்பாவும் பீட்டாவும் மாறி மாறி வருகின்றன என்பது விளங்கும். யுரேனியம் 238-இல் ஒரு புரோட்டானுக்கு 1.587 நியூட்ரான். இரண்டு இரண்டாக எடுக்கும் ஆல்பாவுக்குப் பிறகு தோரியம் 234-இல் 1.600. விகிதம் கூடிவிட்டது! ஆனால் சிறிய கருவுக்கு நியூட்ரான் விகிதம் குறைவாக இருக்க வேண்டும் என்று மேலே பார்த்தோம். ஆல்பா அளவைக் குறைத்ததே தவிர விகிதத்தைக் கெடுத்துவிட்டது. அதைச் சரிசெய்ய பீட்டா வருகிறது. தோரியம் 234 சுமார் 24 நாள் அரை ஆயுட்காலத்தில் புரோட்டாக்டினியம் 234 ஆகி, அது மறுபடியும் பீட்டா வெளியிட்டு யுரேனியம் 234 ஆகிறது. மூன்று மாற்றத்துக்குப் பிறகு மீண்டும் யுரேனியம்! நான்கு நியூட்ரான்கள் மட்டும் குறைந்திருக்கின்றன.

அங்கிருந்து மறுபடி ஆல்பாக்கள்: தோரியம் 230, ரேடியம் 226, ரேடான் 222. திண்மமாக இருந்த ரேடியம் வாயுவாகிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். கருவில் இரண்டு புரோட்டான் போனதற்கு வெளியே இருக்கும் எலக்ட்ரான் அமைப்பு முழுவதும் தன்னை மாற்றிக்கொண்டது. ரேடான் பாறை இடுக்கு வழியாகக் கசிந்து போய், 3.8 நாள் அரை ஆயுட்காலத்தில் மறுபடி திண்மமான பொலோனியமாகிறது. இப்படி 8 ஆல்பா, 6 பீட்டா முடிந்த பிறகு ஈயம் 206. நீங்களே சரிபார்க்கலாம்: 238-இல் 32 போனால் 206, 92-இல் 16 போய் 6 சேர்ந்தால் 82. விகிதம் 1.512-க்கு இறங்கியிருக்கும். அதற்குமேல் இறங்கப் பள்ளம் இல்லாததால் அங்கேயே நிற்கிறது.

அப்புறம், சூடாக்கினால் வேகமாகுமா என்ற கேள்வி. அநேகமாக இல்லை. 1,000 டிகிரி செல்சியஸில் அணுக்களின் வெப்ப ஆற்றல் ஒரு எலக்ட்ரான் வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். வேதிவினைகளில் சில எலக்ட்ரான் வோல்ட். கருவின் மேடு பள்ளங்களோ லட்சக்கணக்கில். வீட்டு வாசலில் யாராவது மூச்சு விட்டால் உள்ளே இருக்கும் இரும்புப் பெட்டி நகருமா? அதைப்போலத்தான். ஆனால் எலக்ட்ரான்களே சிதைவில் பங்கெடுக்கும் இடங்களில் விதிவிலக்கு உண்டு. பெரிலியம் 7 எலக்ட்ரானைக் கவர்ந்துதான் மாறும். அது எந்தச் சேர்மத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் அரை ஆயுட்காலம் மிகச் சிறிதளவு மாறுகிறது. எலக்ட்ரான்கள் எல்லாவற்றையும் உரித்தெடுத்துவிட்டால் கவர எதுவும் இல்லாமல் அது அப்படியே நிலைத்துவிடும். ரீனியம் 187 இதற்கு நேர் எதிர். சாதாரண அணுவாக அதன் அரை ஆயுட்காலம் 4,000 கோடி ஆண்டுகளுக்கும் மேல். 1996-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வகத்தில் அதன் 75 எலக்ட்ரான்களையும் நீக்கிவிட்டுப் பார்த்தார்கள். அரை ஆயுட்காலம் சுமார் 33 ஆண்டுகளாகச் சுருங்கியது. பிறக்கும் எலக்ட்ரான் காலியாக இருக்கும் உள்வட்டத்திலேயே உட்கார்ந்துகொள்ள முடிவதுதான் காரணம்.

அரை ஆயுட்காலம் பற்றி ஒரு தவறான புரிதலையும் சொல்லிவிடுகிறேன். 1,600 ஆண்டு அரை ஆயுட்காலம் கொண்ட ரேடியம் 3,200 ஆண்டில் முழுவதும் தீர்ந்துவிடாது. பாதியில் பாதி மிஞ்சும். கருவுக்கு வயதும் ஏறுவதில்லை. பத்தாயிரம் ஆண்டு மாறாமல் இருந்த ரேடியக் கருவும் நேற்றுப் பிறந்த ரேடியக் கருவும் அடுத்த நொடியில் மாறுவதற்கு அதே வாய்ப்புத்தான் கொண்டிருக்கின்றன. எந்தக் கரு எப்போது மாறும் என்று சொல்ல எந்த வழியும் இல்லை. கோடிக்கணக்கில் சேரும்போதுதான் அந்த ஒழுங்கு தெரிகிறது.

மாறிய கரு பழையபடி ஆகுமா என்றும் நீங்கள் அடுத்து கேட்கக்கூடும். தானாக ஆகாது, இறங்கிய தண்ணீர் தானாக ஏறாது. வெளியிலிருந்து ஆற்றல் வந்தால் உண்டு. வளிமண்டலத்தின் உயரத்தில் அண்டக்கதிர்கள் மோதி நியூட்ரான்கள் தெறிக்கின்றன. அதில் ஒன்று நைட்ரஜன் 14 கருவுக்குள் நுழைந்து ஒரு புரோட்டானை வெளியே தள்ளினால் அது கார்பன் 14. அந்தக் கார்பன் ஆக்ஸிஜனோடு சேர்ந்து, இலைக்குள் போய், ஓர் உயிரின் உடலில் தங்கி, சராசரியாக 8,267 ஆண்டுகள் கழித்து ஒரு கணத்தில் எலக்ட்ரானையும் எதிர்நியூட்ரினோவையும் வெளியே விடுகிறது. மறுபடியும் 7 புரோட்டான், 7 நியூட்ரான். அதே நைட்ரஜன் 14.